சூழலும் உணவும்: ஆய்வு செய்ய விரும்பும் எமது பல்கலைக்கழக மாணவர்க்கு

வலிகாமத்தின் ஒரு பங்கில் நடைபெற்ற கிராமக் கூட்டமொன்றிலே, வெங்காயமும் புகையிலையும் செய்கை பண்ணும் வயோதிப விவசாயி ஒருவர் எழுந்து எம்மிடம் முறையிட்டார். "என்ரை கிணத்துத் தண்ணியை மூண்டு தரம் போத்திலிலை அள்ளிக்கொண்டு போச்சினம். எல்லாம் கம்பசிலை படிக்கிற பிள்ளையள். நல்ல பிள்ளையள், தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போனவை. பிறகு ஒருத்தரும் வந்து தண்ணி நல்லதோ கூடாதோ எண்டு சொல்லேல்லை." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எமக்குச் சிரிக்க முடியவில்லை. அவரது வீட்டில் அப்பொழுது நான்கு மாதக் கைக்குழந்தையொன்று இருந்தது.

அம்மூவரில் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். மாணவி வெட்கப்பட்டார். ஆனால் அவர் கூறிய காரணம் எமக்குப் பல விடயங்களைப் புரியவைத்தது. இறுதியாண்டு ஆய்வுக்கென அவருக்குக் கிடைத்த பணம் ஒரு தடவை மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவே போதுமானதாக இருந்தது. அதிலும் பாதி அவரது மகாபொலப் பணம். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கட்டப்பட்டு, நூலகத்தில் வைக்கப்பட்டுவிட்டது. பெறுபேற்றைக் கொண்டு கிராமத்துக்குத் திரும்பிச் செல்வதற்கு எந்த வரவுசெலவிலும் இடமிருக்கவில்லை.

எமது பிள்ளைகளுக்கு அறிவும் ஆர்வமும் குறைவில்லை. எந்தப் பணம் எங்கே இருக்கிறது, யார் ஊடாக வருகிறது, எப்போது கேட்க வேண்டும் என்பதை எவரும் அவர்கட்குச் சொல்வதில்லை. விவசாயம், உணவு விஞ்ஞானம், சூழல் விஞ்ஞானம், கடற்றொழில் ஆகிய துறைகளிற் பயிலும் மாணவர்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் எமக்குத் தெரிந்தவற்றை இங்கு கூற விரும்புகின்றோம்.

பயிற்சியும் போடிங் காசும்

எமது நாட்டின் விவசாய பீடங்களிலும் பிரயோக விஞ்ஞான பீடங்களிலும் சிறப்புப் பட்டம் பொதுவாக நான்கு வருடப் படிப்பாகும். கடைசி ஆண்டிலே இரண்டு காரியங்கள் வந்து சேரும். ஒன்று ஆய்வு. மற்றையது பெரும்பாலான கற்கைநெறிகளில் உள்ள தொழிற்பயிற்சி, அதாவது ஒரு நிறுவனத்தில் சில வாரங்களோ சில மாதங்களோ வேலை பழகுதல். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ, பேராதனை ஆகிய எங்கு படித்தாலும் இது பெரிதும் வேறுபடாது.

பயிற்சி இடங்கள் இல்லாமலில்லை. உணவுத் துறையினருக்குக் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் மிகப் பயனுள்ள இடம். 1955இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1998 முதல் இப்பெயருடன் இயங்குகின்றது. கண்ணொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. அறுவடைக்குப் பின் தானியமும் மரக்கறியும் வீணாவதை ஆராயும் அரச நிறுவனம் அனுராதபுரத்தில் உள்ளது. நெற்செய்கைக்குப் பத்தலகொடை, வரண்ட வலயப் பயிர்களுக்கு மகாஇலுப்பள்ளம, தென்னைக்கு லுணுவில. மீன், கடல், களப்பு பற்றி ஆராய விரும்புவோர் 1981இல் அமைக்கப்பட்ட நாரா நிறுவனத்தை நாடலாம். அது கொழும்பு மட்டக்குளியில் உள்ளது. 2021இல் மேற்குக் கடலிற் சரக்குக் கப்பலொன்று தீப்பற்றி மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் கரையொதுங்கிய பின்னர் கடற் சூழல் ஆய்வுக்கு ஆட்கள் தேவை என்பதை எல்லோரும் உணர்ந்தனர்.

மலையகத்துப் பிள்ளைகள் 1925இல் அமைக்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை மறந்துவிடக் கூடாது. லயத்துக்கு ஒரு பஸ் தூரத்தில் உலகத் தரமான ஆய்வுகூடம் இருக்க, அதன் வாசலையே காணாது கொழும்புக்கு ஓடும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம். அதேபோல வடக்கில் திருநெல்வேலி, கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்களிலும், மட்டக்களப்பில் கரடியனாற்றிலும் விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ளன. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பனம் பழக் களியின் கைப்புக்குக் காரணமான சப்போனின் வகைப் பொருள்கள் பற்றி எமது நாட்டு விஞ்ஞானிகள் செய்த ஆய்வுகள் வெளிநாட்டுச் சஞ்சிகைகளிலும் வெளிவந்துள்ளன. பினாட்டும் ஒடியல் மாவும் பட்டிக்காட்டுச் சங்கதி என்று ஒதுக்கும் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

இனி இடர்ப்பாட்டுக்கு வருவோம். இந்த இடங்கள் பலவற்றிற் பயிற்சிக்கு வேதனம் கிடையாது, அல்லது கிடைப்பது பிரயாணச் செலவுக்கும் போதாது. மன்னார் மாவட்டத்து மாணவி ஒருவருக்கு உணவுத் துறையில் மிகச் சிறந்த ஆய்வுகூடமொன்றில் மூன்று மாத இடம் கிடைத்தது. போடிங் காசு, இரு நேரச் சாப்பாடு, பஸ் காசு என்று தகப்பனார் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். அத்துடன் முடிந்தது. மாணவி ஊரருகே ஒரு சிறு நிறுவனத்திற் கோப்புகளை அடுக்கிக் கையொப்பம் வாங்கித் தமது பயிற்சியை நிறைவு செய்தார். சான்றிதழில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் குரோமற்றோகிராபிக் கருவியைத் தொட்டுப் பழகியவருக்கும் தொடாதவருக்கும் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் உள்ள வேறுபாட்டை நாம் சொல்லத் தேவையில்லை.

மகாபொலப் புலமைப்பரிசில் 1981இன் சட்டத்தின்படி ஏற்பட்டது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்லதே. எனினும் கொழும்பிற் குடியிருந்து பயிற்சி பெறுவதற்கு இது போதாது. ஆதலால் பயிற்சி இடம் தேடும்போதே தங்குமிடத்தையும் தேட வேண்டும். இங்கே எமது சபைகளும் துறவற இல்லங்களும் செய்யக்கூடியது அதிகம். பெரிய நகரங்களிற் குருமனைகளும் கன்னியர் மடங்கள் நடத்தும் விடுதிகளும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு படுக்கை கேட்டு எழுதப்படும் பங்குத்தந்தையின் கடிதம் பெரும்பாலும் வீண்போவதில்லை. மேற்படி மாணவியின் வீட்டார் எம்மிடமும் கேட்கவில்லை, பங்கிலும் கேட்கவில்லை. கேட்க வெட்கம் என்றார்கள். பங்கு மக்களாகிய நாமும் முன்சென்று விசாரிக்கவில்லை.

விண்ணப்பிக்கும் முறை பற்றி இரண்டொரு சொல். பீடத்தினூடாகச் செல்வதே ஒழுங்கு. பீடாதிபதியின் கடிதம், பெறுபேற்றுப் பத்திரம், சுயவிபரக் கோவை ஆகியன வேண்டும். சில இடங்களிற் கிராம அலுவலரின் சான்றிதழும் கேட்பதுண்டு. பயிற்சி தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்னரே எழுத வேண்டும். மேலும் ஒன்று: தெற்கிலுள்ள ஆய்வுகூடங்களில் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் அன்றாடப் பேச்சு சிங்களம். தேநீர் வேளையிற் பேசப்படுவதிலேதான் பாதித் தொழிலைக் கற்கலாம். முதலாம் ஆண்டிலிருந்தே ஓரளவு சிங்களம் பழகியவர் அந்தப் பாதியை இழப்பதில்லை.

ஆய்வுப் பணம் எங்கே இருக்கிறது?

பட்டதாரி மாணவர் பலர் அரச ஆய்வு மானியத்துக்குத் தாமே விண்ணப்பிக்க முனைந்து, முடியாதென அறிந்து மனம் சோர்கின்றனர். பெருந்தொகை ஆய்வுப் பணம் மாணவர் கைக்கு நேரே வருவதில்லை. விரிவுரையாளர் ஊடாகவே வருகின்றது. கொழும்பு 7இலுள்ள தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, இலங்கை விவசாய ஆராய்ச்சிக் கொள்கைப் பேரவை போன்றவை மானியம் வழங்கி வந்திருப்பது அனுபவமுள்ள ஆய்வாளருக்கே. அவர் அந்தப் பணத்தில் ஆய்வு உதவியாளர் ஒருவரை நியமிப்பார். அந்த உதவியாளர் மாதாந்தக் கொடுப்பனவும் பெற்று, அதே ஆய்வைக் கொண்டு முதுமாணிப் பட்டத்துக்கும் பதிவு செய்து கொள்ளலாம். வறிய வீட்டுப் பிள்ளைக்குச் செலவின்றி மேற்படிப்புப் படிக்க உள்நாட்டிலே இதனிலும் நேரான வழி எமக்குத் தெரியவில்லை.

ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே மாணவர் விசாரிக்க வேண்டியது, "எந்த விரிவுரையாளரிடம் இப்போது மானியம் இருக்கிறது?" என்பதே. இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மானியம் பெற்றவருக்கு நல்ல மாணவர் தேவை. அவரும் தேடிக்கொண்டுதான் இருப்பார். பத்திரிகையில் விளம்பரம் வரும்வரை காத்திருப்பவர் பெரும்பாலும் பிந்திவிடுகிறார்.

பழைய தகவலை நம்பி ஏமாறுவதும் உண்டு. உலக வங்கியின் 10 கோடி டொலர் உதவியுடன் 2017இல் தொடங்கிய அஹெட் என்ற உயர்கல்வித் திட்டம் பல ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது. அது 2023உடன் முடிவடைந்தது. மூத்த மாணவர் கொடுத்த பழைய படிவத்தை நிரப்பிக்கொண்டு எம்மிடம் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் தலைமையகம் எமது நாட்டிலேயே, பத்தரமுல்லையில் இருக்கின்றது. 1984இல் உருவான நிறுவனம். குளங்கள், நிலத்தடி நீர், கழிவுநீர், வெள்ளம், வரட்சி பற்றி ஆராய்கிறது. மாணவருக்கும் புதிய பட்டதாரிகளுக்கும் பயிற்சி இடங்களை அவ்வப்போது அறிவிக்கும். ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்திருப்பதும், தரவுகளைக் கணினியிற் பகுத்தாயத் தெரிந்திருப்பதும் அங்கே மிகவும் வேண்டப்படும்.

இயற்கைப் பாதுகாப்பு ஆய்வு செய்வோருக்கு ஐக்கிய இராச்சியத்து றபர்ட் மன்றத்தின் சிறு மானியங்கள் உள்ளன. கண்டற் காடு, பறவைகள், குளத்து மீன்கள் என்று சிறு அளவிற் களவேலை செய்வோருக்கு ஏற்றவை. மூன்று சிபார்சாளர் தேவை. பல்கலைக்கழகக் கட்டணம் செலுத்துவதற்கு இப்பணத்தைக் கேட்க முடியாது. ஆய்வின் முடிவில் ஓர் உயிரினத்துக்கோ வாழிடத்துக்கோ உண்மையான நன்மை உண்டு என்பதைக் காட்ட வேண்டும்.

முப்பது கிணறுகளின் கணக்கு

விண்ணப்பங்களை வாசிக்கும்போது நாம் அடிக்கடி காணும் குறை, கேட்கும் பணத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பில்லாமை. "ஆய்வுச் செலவு 1,00,000 ரூபா" என்று ஒரே வரியில் எழுதப்பட்டதற்கு எவரும் பணம் கொடுக்கமாட்டார். எனவே மேற்சொன்ன கிணற்று விடயத்தையே எடுத்துப் பார்ப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கிறது. மேலே தோட்டத்துக்கு இடும் யூரியாவும் எருவும், மலசலகூடக் குழியின் கசிவும் மெல்லிய மண்படை ஊடாக விரைந்து கீழே இறங்கிவிடும். அதனால் நைத்திரேற்று அங்கே நெடுங்காலப் பிரச்சினை. இலங்கைத் தரநிர்ணயப்படி குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்று இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் அதுவே. அறிக்கையில் சிலவேளை நைத்திரேற்றாக அன்றி நைதரசனாகக் கணக்கிட்டு எழுதுவார்கள். அப்போது எல்லை ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கெட்ட கிணறு நல்ல கிணறாகிவிடும். அளவு கூடிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தாய்மார் இதை அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு மாணவர் 30 கிணறுகளை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என 60 மாதிரிகள். பரிசோதனை சரியா என்று பார்க்கப் பத்துக்கு ஒன்றாக இரட்டை மாதிரி எடுத்தால் மேலும் 6. ஆக 66. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு மாதிரிக்குரிய கட்டணத்தை எழுத்தில் விலைக்கூறலாக வாங்கி, அதனை 66ஆற் பெருக்க வேண்டும். போத்தல்கள், குளிர்ப் பெட்டி, பனிக்கட்டி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதலாம். மாதிரியை 4 பாகை செல்சியசில் குளிராக வைத்து 48 மணித்தியாலத்துக்குள் பரிசோதித்துவிட வேண்டும். ஆதலால் ஒரே நாளில் 30 கிணறுகளுக்கும் அலையாது, நாளுக்கு 10 எனப் பிரித்தால் ஒரு தடவைக்கு மூன்று நாள், இரு தடவைக்கு ஆறு நாள் முச்சக்கரவண்டி வாடகை. இறுதியாக, பெறுபேற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு 30 வீடுகளுக்கும் கொண்டு செல்லும் செலவு. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விடுவதே வழக்கமாகிவிட்டது. மானியம் கொடுப்போர் இப்போது அதனையே முதலிற் தேடுகின்றனர் என்பதை மாணவர் அறிய வேண்டும்.

மேலே சொன்ன மாணவி பின்னர் எமது வேண்டுகோளை ஏற்று ஆலய மண்டபத்துக்கு வந்து தமது பெறுபேற்றை வாசித்துக் காட்டினார். அந்த விவசாயியின் கிணறு எல்லையைத் தாண்டியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, மாரி மழைக்குப் பிறகு இது குறையுமோ, கூடுமோ?" என்று மட்டும் கேட்டார். மாணவியிடம் பதிலில்லை. ஒரு தடவைதானே மாதிரி எடுத்திருந்தார். இப்போது அவ்வீட்டார் குழந்தையின் பாலுக்கு நீர்வழங்கற் சபையின் பவுசர் கொண்டுவரும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றனர்.

எதை ஆராய்வது என்று தடுமாறுவோருக்கும் கிராமமே தலைப்புகளைக் கொடுக்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விவசாயிகள் கேட்ட சாதாரண கேள்விகளுக்கு, எந்த மண்ணுக்கு எவ்வளவு கூட்டெரு, எந்தப் பசுந்தாள் எத்தனை நாளில் உக்கும் என்பவற்றுக்கு, தத்தம் இடத்துக்குரிய விடை பல ஊர்களிற் கிடைக்கவில்லை. இப்படியான கேள்வியுடன் வரும் விண்ணப்பம், நூலைப் பார்த்து எழுதிய விண்ணப்பத்திலிருந்து தனியே தெரியும்.

வெளிநாட்டுப் படிப்பு

இதுபற்றிச் சுருக்கமாகவே கூறுவோம், ஏனெனில் விபரங்களை உரிய தூதரகங்களே தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இறஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ வழங்குகிறது. உணவு, மண், நீருயிரின வளர்ப்பு ஆகிய துறைகளில் அதன் கீழ் பாடநெறிகள் உண்டு. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான முடிவுத் திகதிகள் ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வருகின்றன. ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் அபிவிருத்தி சார்ந்த பட்டப்பின் படிப்புகளுக்கோ குறைந்தது இரண்டு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். பட்டம் பெற்ற கையோடு விண்ணப்பித்து நிராகரிக்கப்படுவோர் பலர். இரண்டு வருடம் ஒரு கிராமிய நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பது புத்தி. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுள் பகிர்வுத் திட்டம் என்றொன்று உண்டு. வேறு வழியிற் பணம் செலுத்திப் படிக்க இயலாதவர்க்கென்றே அது ஏற்படுத்தப்பட்டது. யப்பான் அரசின் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலுக்கு 35 வயதுக்குட்பட்டோர் தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கலாம். இந்தியாவின் கலாசார உறவுகளுக்கான பேரவை வழங்கும் இடங்களும் உள்ளன.

இவற்றில் எதற்கும் முகவர் தேவையில்லை. "புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம், முதலிற் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று சொல்பவர் எவராயினும் அவரை நம்பவேண்டாம். நகை ஈடுவைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம்.

சிபார்சுக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. பங்குத்தந்தையின் நற்சான்றிதழ் நன்னடத்தைக்கு உதவும். ஆய்வுத் திறமைக்கு உதவாது. ஆய்வு நிறுவனங்கள் கேட்பது மாணவரின் வேலையை நேரிற் கண்ட விரிவுரையாளரின் கடிதம். முடிவுத் திகதிக்கு முதல்நாள் மாலையில் விரிவுரையாளரின் வாசலில் நிற்காமல், மூன்று வாரம் முன்னதாகப் பெறுபேற்றுப் பத்திரத்தையும் ஆய்வுச் சுருக்கத்தையும் கொடுத்துக் கேட்டால் நல்ல கடிதம் கிடைக்கும்.

விண்ணப்பத்தின் வரைவை வாசித்துத் திருத்தம் சொல்ல எமது பணிமனையில் இருவர் ஆயத்தமாக இருக்கின்றனர். பல்கலைக்கழக விடுமுறையில் வருவது நல்லது. பெறுபேற்றுப் பத்திரத்தின் பிரதி, ஆய்வின் நோக்கத்தைக் கூறும் ஒரு பக்கம், ஆய்வுகூடத்தின் விலைக்கூறல் ஆகிய மூன்றையும் கொண்டுவரவும். தங்குமிடம் தேவைப்படுவோர் தமது பங்குத்தந்தையின் கடிதத்துடன், பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே எமக்கு எழுத வேண்டும். கடந்த முறை ஒரே வாரத்தில் ஐந்து பேர் கேட்டதால் மூவருக்கே கொழும்பில் இடம் ஒழுங்கு செய்ய முடிந்தது.